வீட்டுக் காவலில் காமிரா

வீட்டுக்குக் காவல் காமிரா வாங்குவோர், விலையையும் படத்தின் பெருமையையுமே முதலில் விசாரிக்கக் காண்கிறேன். கள்வனைப் பிடிக்கும் ஆற்றல் இக்கருவிக்கு இல்லை. நடந்ததை எடுத்துரைக்கும் சாட்சியாகவே அது நிற்கிறது. ஆதலின், நல்ல சாட்சியின் இலக்கணம் யாது என்று கேட்டு வாங்குவதே முறை எனக் கருதுகிறேன். தெளிவாகக் காணுதல், மறவாதிருத்தல், பிறர் வசப்படாதிருத்தல் ஆகிய மூன்றுமே அவ்விலக்கணம்.

முதலாவது, பார்வை. நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்னும் செவிலியர், தம் கணவர் ஆல்பர்ட்டுடன் சேர்ந்து, 1966-இல் வீட்டுக் காவல் அமைப்பு ஒன்றுக்குக் காப்புரிமை கோரினார். 1969-இல் அது வழங்கப்பட்டது. கதவில் வெவ்வேறு உயரத்தில் நான்கு துளைகள். அவற்றின் பின்னே மேலும் கீழும் நகரும் காமிரா. வந்தவர் நெட்டையராயினும் குட்டையராயினும் முகம் தெரியவேண்டும் என்பதே நோக்கம். இன்றும் நமக்கு வேண்டுவது அதுவே. ஆளை அடையாளம் காண, மீட்டர் ஒன்றுக்குச் சுமார் 250 படப்புள்ளிகள் தேவை என்பர். 1920 புள்ளி அகலமுள்ள காமிரா 90 பாகைக் கோணத்தில் நோக்கினால், 4 மீட்டருக்கு அப்பாலுள்ள முகத்திற்கு அத்தனை புள்ளிகள் கிட்டா. தெரு முழுவதையும் அள்ளிக் காட்டும் காமிராவினும், நம் வாயிலை மட்டும் குறுகிய கோணத்தில் காணும் காமிராவே மேல். அடுத்த வீட்டாரின் அந்தரங்கமும் அதனால் காக்கப்படும்.

இரண்டாவது, நினைவு. வினாடிக்கு 4 மெகாபிட் வீதம் இடைவிடாது பதியும் காமிரா, நாளொன்றுக்கு ஏறத்தாழ 43 கிகாபைட் இடம் கொள்ளும். நான்கு காமிராக்கள் இருந்தால், 1,000 கிகாபைட் கொண்ட ஹார்டு டிஸ்க் ஆறு நாளைக்குள் நிரம்பிவிடும். அதன்பின் கருவி பழையதை அழித்துப் புதியதை எழுதும். பத்து நாள் வெளியூர் சென்று மீள்பவருக்கு, முதல் நாள் நடந்த திருட்டின் சுவடே கிட்டாது! 2,000 கிகாபைட் இருப்பின் பதினொரு நாள் தாங்கும். கடிகாரம் சரியாக ஓடுவதும், பதிவுக்கருவி கள்வன் கைக்கு எட்டாத இடத்தில் இருப்பதும் இன்றியமையாதவை.

மூன்றாவது, நம்பகம். 2016-இல் மிராய் என்னும் தீய நிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாதிருந்த காமிராக்களையும் பதிவுக்கருவிகளையும் பெருந்தொகையாகக் கைப்பற்றிற்று; அவற்றையே ஏவிப் பல இணையதளங்களை முடக்கிற்று. காவலாளியே கள்வனுக்குத் துணைபோன கதை இது. கருவியை மாட்டிய அன்றே கடவுச்சொல்லை மாற்றுதல் வேண்டும். உற்பத்தியாளர் நெடுநாள் திருத்தங்கள் வழங்குவாரா என்பதையும் வாங்குமுன் கேட்டறிதல் நலம்.

மாணவ நண்பர்களே, உங்கள் இல்லத்தில் இப்பேச்சு எழுமாயின், அளவுநாடாவும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். வாயிலுக்கு எத்தனை மீட்டர், பதிவு எத்தனை நாள் நிற்கவேண்டும், கடவுச்சொல் யாரிடம் இருக்கவேண்டும் என்று எழுதுங்கள். கடைக்குப் போவது அதற்குப் பிறகு ஆகட்டும்.