எட்டாம் வீட்டுக்கு ஒன்பதாம் வீடு பக்கத்து வீடா? கட்ட விளையாட்டு செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு விளக்கம்

ஒரு கட்டத்தைத் தட்டினால், அதை ஒட்டியிருக்கும் அதே நிறக் கட்டங்கள் எல்லாம் சேர்ந்து மறையும் கைப்பேசி விளையாட்டைப் பாட்டியும் ஆடுகிறார், பேரனும் ஆடுகிறான். அதையே சொந்தமாகச் செய்து பார்க்கும் பிள்ளைகள் பலர் ஓர் இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். எது எதனுடன் ஒட்டியிருக்கிறது என்பதைக் கணினிக்கு எப்படிச் சொல்வது?

அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2007-இல் வெளியிட்ட ஸ்கிராட்ச் மென்பொருளில், ஒரு படம் மற்றொன்றைத் தொடுகிறதா என்று கேட்கும் கட்டளை ஆயத்தமாகவே உண்டு. பூனை சுவரில் முட்டியதா என்று பார்க்க அது போதும். கட்ட விளையாட்டிலோ காலை வாரிவிடும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் 'தொடவில்லை' என்றுவிடும். ஒரே படத்தின் 64 நகல்கள் திரையில் இருந்தால், ஏதோ ஒன்று தொடுகிறது என்று சொல்லுமே தவிர, எது என்று சொல்லாது.

ஆகவே படத்தை விட்டுவிட்டு எண்ணைப் பிடிப்பதே நல்லது. வரிசைக்கு 8 கட்டமாக 8 வரிசைகள். 1 முதல் 64 வரை எண் கொடுத்து, ஒவ்வொன்றின் நிறத்தையும் ஒரே பட்டியலில் எழுதிவிட வேண்டும். ஒரு கட்டத்தின் எண்ணோடு 1 கூட்டினால் வலப்பக்கம், கழித்தால் இடப்பக்கம். 8 கூட்டினால் கீழே, கழித்தால் மேலே. 1-க்குக் குறைந்தாலோ 64-ஐத் தாண்டினாலோ அங்கே கட்டமே இல்லை.

தவறு நுழைவது இங்கேதான். தோட்டத்து லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முன் லயத்தில் 1 முதல் 8 வரை வீடுகள். பின் லயத்தில் மறுபடியும் இடக்கோடியிலிருந்து 9, 10, 11. எட்டும் ஒன்பதும் அடுத்தடுத்த எண்கள்தாம். ஆனால் எட்டு வலக்கோடி, ஒன்பது பின் லயத்தின் இடக்கோடி. ஒன்பதுக்கு உண்மையான அண்டை வீடு, நேர் முன்னால் இருக்கும் ஒன்றாம் வீடு. கணினிக்குக் கண் இல்லை. எண் அடுத்தடுத்து இருந்தால் வீடும் அடுத்தது என்று நம்பிவிடும். அந்த இரண்டு கோடிகளிலும் ஒரே நிறம் விழும்போது மட்டுமே தவறு தெரிவதால், நேற்று நன்றாக ஓடிய விளையாட்டு இன்று கெட்டுப்போனதாகப் பிள்ளை குழம்பிவிடுகிறது.

தீர்வு சின்னக் கணக்குத்தான். எண்ணை 8-ஆல் வகுத்து மீதி 0 வந்தால் அது வலக்கோடி, வலப்பக்கம் பார்க்கக் கூடாது. மீதி 1 வந்தால் இடக்கோடி, இடப்பக்கம் பார்க்கக் கூடாது. (பைதானில் பட்டியல் 0-இல் தொடங்குவதால் அங்கே இடக்கோடிக்கு மீதி 0, வலக்கோடிக்கு 7.)

அடுத்து, செய்தி பரப்புதல். தட்டிய கட்டம் தன் அண்டைக் கட்டங்களைக் கேட்கிறது; அதே நிறமானவை தங்கள் அண்டையைக் கேட்கின்றன. கேட்டு முடித்த வீட்டுக் கதவில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுவதுபோல், பார்த்த எண்களைத் தனிப் பட்டியலில் குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கட்டங்கள் ஒன்றையொன்று மாறி மாறிக் கேட்டுக்கொண்டே இருக்கும், விளையாட்டு உறைந்துவிடும்.

சோதிப்பது எளிது. 1, 8, 9 ஆகிய மூன்று கட்டங்களில் மட்டும் சிவப்பு வைத்து 9-ஐத் தட்டுங்கள். 1-ம் 9-ம் மறைந்து, 8 அப்படியே நிற்க வேண்டும்.