கிணறும் குறிப்பேடும்

வற்றாத ஆறில்லா நம் குடாநாட்டிற்குச் சுண்ணாம்புக் கற்பாறையுள் தங்கும் மழைநீரே உயிர். சுன்னாகம், தெல்லிப்பழைக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததென 2015ஆம் ஆண்டளவில் மக்கள் முறையிட்டனர்; 2019இல் உயர் நீதிமன்றம் அவர்க்கு இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது.

இன்று நகரங்களிற் பரவிவரும் உணர்கருவிகளைக் கிணற்றிலும் இறக்கலாம். அவை நீர்மட்டத்தை அளக்கும். மின்கடத்துதிறன் கொண்டு உவரேற்றத்தை அறிந்து, தொலைபேசி அலைவழியே உடனுக்குடன் அறிவிக்கும். ஆயினும் அவ்வளவைகள் எண்ணெய் நாற்றத்தைக் காட்டா. அதனை அறிபவர் நாளும் நீர் அள்ளும் வீட்டாரே. ஒருவர் கூறின் அது முறைப்பாடு. ஊரார் பலர் நாளும் இடமும் குறித்து எழுதின் அது சான்று. நிலத்தடி நீருக்கு வேலியில்லை. ஒரு வளவின் மாசு அயல் வளவையும் அடையும். ஆதலின், நம் மாணவர் தத்தம் வீட்டுக் கிணற்றுக்கு இன்றே ஒரு குறிப்பேடு தொடங்குவாராக.