கண்ணில் மஞ்சள்... குழாயில் பலூன்!

பக்கத்து சீட் நண்பர் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வந்தார். முகத்தில் களையே இல்லை.

''நாலு வயசுப் பொண்ணு சார். அடிக்கடி வயிறு வலிக்குதுன்னா. பூச்சி மருந்து கொடுத்தோம். கண்ணு மஞ்சளாச்சு, கீழாநெல்லி அரைச்சுக் கொடுத்தோம். சரியாயிடுச்சேன்னு இருந்தா, மறுபடியும் வந்துடுச்சு. ஸ்கேன்ல பித்தக்குழாய்ல நீர்க்கட்டிங்கறாங்க...''

கீழாநெல்லி மேல் பழி வேண்டாம். இந்தக் காமாலை தானாகவே போகும், தானாகவே வரும். ஏமாற்றுவதே அங்கேதான். மலம் வெளுத்துப் போகிறதா என்று யாராவது பார்த்திருந்தால், அடைப்பு என்று முன்பே தெரிந்திருக்கலாம்.

கல்லீரலில் ஊறும் பித்தநீரைச் சிறுகுடலுக்குக் கொண்டுபோகும் குழாய் சில மில்லிமீட்டர் அகலம்தான். அது பலூன் மாதிரி உப்புவதற்கு 'கோலடோக்கல் ஸிஸ்ட்' என்று பெயர். பெண் குழந்தைகளுக்கு மூன்று, நான்கு மடங்கு அதிகம். மேலை நாடுகளைவிட ஆசியாவில், முக்கியமாக ஜப்பானில், ஜாஸ்தி. காரணம்? கணையக் குழாயும் பித்தக்குழாயும் சிறுகுடல் சுவருக்குள் சேர வேண்டும். சிலருக்கு முன்கூட்டியே சேர்ந்துவிடுகிறது. சோற்றையே கரைக்கிற கணைய நீர் பித்தக்குழாய்க்குள் எதிரேறினால் சுவர் என்னத்துக்காகும்? இது 1969-ல் பாபிட் என்ற டாக்டர் சொன்ன விளக்கம். இன்றும் பெரும்பாலும் இதைத்தான் ஒப்புக்கொள்கிறார்கள்.

''நீர்க்கட்டிதானே, தண்ணியை வடிச்சுட்டா போதாதா?'' என்றார் நண்பர்.

ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் செய்தார்கள். பையை அப்படியே விட்டு, அதற்கும் குடலுக்கும் ஒரு வழி போட்டுத் தைத்தார்கள். சுலபமான ஆபரேஷன். குழந்தையும் தேறி வீட்டுக்குப் போய்விடும். வருஷங்கள் கழித்துத்தான் வினை. குளிர் ஜுரம், கல், சிலருக்கு அந்தப் பையிலேயே கேன்சர். 1977-ல் ஜப்பானிய டாக்டர் டோடானியும் அவரது குழுவினரும் 37 பேரின் விவரங்களை வெளியிட்டு, இந்த நோயை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். அதில் கேன்சர் வந்த கேஸும் உண்டு.

எனவே இப்போது பையையும் பித்தப்பையையும் மொத்தமாக எடுத்துவிடுகிறார்கள். (பித்தப்பை இல்லாமல் பேஷாக வாழலாம்!) பிறகு சிறுகுடலை வெட்டி, ஒரு முனையை மேலே இழுத்துக் கல்லீரல் குழாயோடு தைக்கிறார்கள். மறு முனையைக் கொஞ்சம் கீழே குடலிலேயே இணைக்கிறார்கள். ஆங்கில 'ஒய்' மாதிரி இருக்கும். சாப்பாடு ஒரு கிளையில், பித்தம் மறு கிளையில். சுவிட்சர்லாந்து டாக்டர் சேஸர் ரூ வயிற்று ஆபரேஷனுக்காகப் பிரபலப்படுத்திய வழி இது. 1995-ல் இத்தாலியில் ஆறு வயதுச் சிறுமிக்கு இதையே லேப்ராஸ்கோப்பி மூலம் செய்தார்கள்.

அடிக்கடி சீழ் பிடித்த பை பக்கத்து ரத்தக்குழாய்களோடு ஒட்டிக்கொள்ளும். அதைப் பிரித்தெடுப்பதற்குள் டாக்டருக்கு வியர்த்துவிடும். நாள் கடத்தக் கூடாது என்பது அதனால்தான். ஆபரேஷனுக்குப் பிறகும் வருஷா வருஷம் செக்கப் உண்டு. ஜுரமும் மஞ்சளும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

உங்களுக்கே சின்ன வயசில் 'பித்தக்குழாய் ஆபரேஷன்' நடந்த தழும்பு வயிற்றில் இருக்கிறதா? பையை எடுத்தார்களா, வெறும் வழி மட்டும் போட்டார்களா என்று பழைய சீட்டைத் தேடிப் பாருங்கள். சீட்டு இல்லையென்றால் ஒரு ஸ்கேன்.

நண்பரின் பெண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து பத்தாவது நாள் போன் வந்தது.

''ஊறுகாய் வேணும்னு அழறா சார். நாளைக்கு ஒரு நாள் லீவு சொல்லிடுங்க!''