முனைவர் பட்ட ஆய்வும் கட்டுரை வெளியீடும் (இந்தியா)

இந்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்கான குறைந்தபட்ச நெறிமுறைகளைப் பல்கலைக்கழக மானியக் குழு வகுக்கிறது. 2016ஆம் ஆண்டு விதிகளுக்கு மாற்றாக 2022 நவம்பரில் புதிய விதிகள் வெளியாயின. இரண்டுக்கும் இடையிலான மாற்றங்களில் ஆய்வாளர்களிடையே அதிகம் பேசப்பட்டது கட்டுரை வெளியீடு பற்றியதாகும்.

பட்டத்துக்கான காலம் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகம் 6 ஆண்டுகள். மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டுகள் கிடைக்கும். பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உடையோருக்கும் இன்னும் 2 ஆண்டுகள் சலுகை உண்டு. ஆய்வாளர் ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் தம் பணியின் முன்னேற்றத்தை எடுத்துரைக்க வேண்டும். இக்கூட்டம் சில துறைகளில் வெறும் கையெழுத்துச் சடங்காகிவிடுவதுண்டு. அதன் இழப்பு ஐந்தாம் ஆண்டில்தான் தெரியவரும்.

2016 விதிகளின்படி, ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் மதிப்பீட்டுக்கு உட்பட்ட ஆய்விதழில் ஒரு கட்டுரையேனும் வெளியாகியிருக்க வேண்டும்; கருத்தரங்குகளில் இரண்டு கட்டுரைகள் வாசித்திருக்க வேண்டும். நல்ல இதழ்களில் மதிப்பீடு முடியவே பல மாதங்கள் ஆகும். பணம் பெற்றுக்கொண்டு சில நாட்களில் வெளியிடும் போலி இதழ்களுக்கு இந்த அவசரம் வாய்ப்பாயிற்று. அவற்றை வடிகட்ட 2019இல் 'கேர்' என்னும் இதழ்ப் பட்டியலை மானியக் குழு கொண்டுவந்தது. 2022 விதிகள் கட்டுரைக் கட்டாயத்தையே நீக்கின. எனினும் இவை குறைந்தபட்ச விதிகளே என்பதால், தம் பல்கலைக்கழகம் தனியாக அந்த நிபந்தனையை வைத்துள்ளதா என்பதை ஆய்வாளர் பதிவின்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

கட்டாயம் நீங்கினாலும் தேவை நீங்கவில்லை. 2018ஆம் ஆண்டுப் பணிநியமன விதிகளில், பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கான நேர்காணலுக்கு அழைப்போரைத் தெரிவுசெய்ய 100 மதிப்பெண் அட்டவணை ஒன்று உள்ளது. அதில் முனைவர் பட்டத்துக்கு 30 மதிப்பெண். கட்டுரை ஒன்றுக்கு 2 வீதம் அதிகம் 10. கற்பித்தல் அனுபவத்துக்கும் ஆண்டுக்கு 2 மதிப்பெண்தான். அதாவது ஐந்து கட்டுரைகள் ஐந்து ஆண்டுப் பணிக்கு ஈடாகின்றன. 2023 ஜூலை முதல் இப்பணிக்கு முனைவர் பட்டம் கட்டாயமன்று. நெட் அல்லது செட் தேர்ச்சி போதும். ஆனால் அட்டவணையில் பட்டத்துக்கான 30 மதிப்பெண் அப்படியே இருப்பதால், பட்டமில்லாதவர் நேர்காணல் வரை செல்வது எளிதன்று.

2025 பிப்ரவரியில் 'கேர்' பட்டியலும் கைவிடப்பட்டது. நல்ல இதழை இனங்காணும் பொறுப்பு இப்போது கல்வி நிறுவனங்களிடமும், நெறியாளர், ஆய்வாளர் ஆகியோரிடமும் வந்து சேர்ந்துள்ளது.