பதினோராம் எண் கூண்டு

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் வானொலிச் செய்தியில் தவறாது ஒலிக்கும் தொடர் ஒன்று உண்டு: ‘துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது.’ சிறுவயது முதலே இதனைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எண் உயர உயர ஆபத்தும் உயரும் என்பதை அறிவோம். பத்தாம் எண்ணே இறுதியானது என்று நம்மில் பலரும் எண்ணியிருக்கிறோம். ஆனால், இந்தியத் துறைமுகங்களின் எச்சரிக்கை வரிசையில் பதினோராம் எண்ணும் இடம்பெற்றுள்ளது. வானிலை எச்சரிக்கை மையத்தோடு கொண்ட செய்தித் தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலைக்கு இடமுண்டு என்பதே அதன் பொருள்.

கடும் புயலுக்குரிய எண்ணையும் கடந்து, செய்தி கிடைக்காத நிலைக்கென ஓர் எண்ணை ஒதுக்கியிருப்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது. காற்றும் வெள்ளமும் உயிரைப் பறிப்பன. ஆயினும் அவை வருவதை அறியாதிருத்தலே பேரழிவுக்கு வாயிலாகிறது. அவ்வாயிலை அடைக்கச் செயற்கைக்கோளும் வானொலியும் எவ்வாறு துணைபுரிகின்றன, அவற்றின் எல்லை எதுவரை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

வானத்துக் கண்

வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றுக்குப் பெயரிட்டு, அதன் போக்கறிந்து கடலோடியவர்கள் நம் கரையோர மக்கள். எனினும், அடிவானத்துக்கு அப்பால் உருவாகும் புயலைக் கரையில் நிற்பவர் காண இயலாது. 1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியபோது, பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் தொடர்வண்டியும் நூற்றுக்கும் மேற்பட்டோருடன் கடலுக்கு இரையாயிற்று.

வானிலை ஆய்வுக்கென ஏவப்பட்டு வெற்றிகண்ட முதல் செயற்கைக்கோள் அமெரிக்காவின் டைரோஸ்-1 ஆகும். ஆண்டு 1960. இந்தியாவுக்கு இத்துறையில் நிலையான பயனைத் தந்தது 1983இல் ஏவப்பட்ட இன்சாட்-1பி. நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், புவி சுழலும் வேகத்துக்கு இணையாகச் சுற்றுவதால் இத்தகைய கோள் ஒரே இடத்தில் நிற்பது போலத் தோன்றும். ஆகவே, வங்கக் கடலை இமைக்காமல் நோக்கியிருக்க அதனால் இயலும். இரவிலும் அகச்சிவப்புக் கதிர்களின் வாயிலாக முகில்களின் உச்சி வெப்பநிலையை அது அளக்கும். உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ, முகில் அவ்வளவு உயர்ந்து வளர்ந்துள்ளது என்பது பொருள். முகில் சுருளின் வடிவைக்கொண்டு புயலின் வலிமையை மதிப்பிடும் முறையை வெர்னான் டுவோராக் என்னும் அமெரிக்க அறிஞர் 1970களில் வகுத்தளித்தார். இன்றும் உலகெங்கும் அம்முறை கையாளப்படுகிறது.

வானிலிருந்து வரும் குரல்

காண்பது ஒருபுறம், கண்டதைச் சொல்வது மறுபுறம். 1977 நவம்பர் 19ஆம் நாள் ஆந்திரத்தின் திவிசீமைப் பகுதியைத் தாக்கிய புயலில் மாண்டோர் ஏறத்தாழ பத்தாயிரம் பேர். தந்திக் கம்பிகளும் தொலைபேசிக் கம்பங்களும் புயலில் முதலில் சாய்பவை என்பதால், அவற்றை நம்பாத வழியொன்று தேவைப்பட்டது. அதன் விளைவாக 1980களின் நடுப்பகுதியில், இன்சாட் வழியே புயல் எச்சரிக்கை பரப்பும் அமைப்பு தமிழக, ஆந்திரக் கரைகளில் செயற்படத் தொடங்கியது. சென்னை மையத்தில் பேசப்படும் அறிவிப்பு விண்ணுக்குச் சென்று, கடலோர ஊர்களில் நிறுவப்பட்ட வாங்கிகளுக்கு இறங்கிவரும். இப்பயணத்துக்கு ஆகும் நேரம் ஏறத்தாழ கால் விநாடியே. ஒவ்வொரு வாங்கிக்கும் தனிக் குறியெண் உண்டு. ஆதலால் ஆபத்துக்குட்பட்ட மாவட்டத்தை மட்டும் தேர்ந்து அழைக்கலாம். முதலில் சங்கொலி எழும். பின்னர் அவ்வட்டார மொழியில் எச்சரிக்கை ஒலிக்கும்.

1990 மே மாதத்தில் அதே ஆந்திரக் கரையை மற்றொரு கடும்புயல் தாக்கியது. முன்னதாகவே ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். உயிரிழப்பு ஆயிரத்துக்குள் அடங்கியது. அதுவும் பேரிழப்பே, ஆயினும் 1977ஆம் ஆண்டோடு ஒப்பிட்டால் எச்சரிக்கையின் அருமை விளங்கும்.

வானொலியின் சிறப்பு அதன் எளிமையில் உள்ளது. மின்சாரம் நின்றாலும் இரண்டு மின்கலங்களில் அது பேசும். மத்திய அலை ஒலிபரப்பு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரவும். ஆயிரம் பேர் கேட்டாலும் கோடிப் பேர் கேட்டாலும் அதற்கு நெரிசல் இல்லை. கைப்பேசிகளுக்கு ஒரே நேரத்தில் எச்சரிக்கை அனுப்பும் முறை இன்று வந்துள்ளது, வரவேற்கத்தக்கதே. எனினும் கோபுரம் சாய்ந்தாலோ மின்சாரம் அற்றாலோ அது ஊமையாகிவிடும். எனவே ஒன்று மற்றொன்றுக்குத் துணையாகலாமேயன்றி மாற்றாகாது.

கேட்டும் எழாத கால்கள்

செய்தி செவியை எட்டிவிட்டால் உயிர் பிழைத்துவிடுமா? 1970 நவம்பர் 12ஆம் நாள், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய போலா புயல் இவ்வினாவுக்குத் துயரமான விடையைத் தருகிறது. செயற்கைக்கோள் அப்புயலைக் கண்டது, வானொலியும் அறிவித்தது. கரையோர மக்களுள் மிகப் பலர் புயல் வருவதைக் கேள்வியுற்றிருந்தனர். ஆயினும் உறுதியான கட்டடங்களில் அடைக்கலம் புகுந்தோர் மிகச் சிலரே. மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அந்நிலம் பின்னர் வங்காள தேசமாயிற்று. 1972இல் செஞ்சிலுவை இயக்கத்தின் துணையோடு அங்கே புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. வானொலிக் கருவி வழியே செய்தி பெறும் தொண்டர்கள் கொடியேற்றியும், கைச் சங்கை முழக்கியும், ஒலிபெருக்கியில் கூவியும் வீடுவீடாகச் சென்றனர். பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளும் இப்பணியில் இணைந்தன. புயற்காப்பிடங்கள் கட்டப்பட்டன. 1991இல் மீண்டும் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. காப்பிடங்கள் போதவில்லை என்பதை அப்பேரிடர் உணர்த்தியது. அதன்பின் அவை பெருகின. 2007இல் சிட்ர் என்னும் கடும்புயல் வந்தபோது, அரசுக் கணக்கின்படி மாண்டோர் மூவாயிரத்து நானூற்றுக்குச் சற்று மேல். கடல் மாறவில்லை, கரை மாறியது.

‘மணிக்கு 120 கிலோமீட்டர் வேகம்’ என்பது குடிசையில் வாழ்பவருக்கு வெறும் எண். ‘கூரை நில்லாது, கடல்நீர் ஊருக்குள் புகும், மாலைக்குள் பள்ளிக்கூடத்துக்குச் சென்றுவிடுங்கள்’ என்பதே அவருக்குச் செய்தி. மேலும், புயல் திசை மாறுவதுண்டு. வராத புயலுக்காக ஒரு முறை வீட்டைவிட்டு வந்தவர் மறுமுறை தயங்குகிறார். வராத புயலுக்காக ஓரிரவு விழித்திருப்பது இழப்பன்று. வந்த புயலுக்கு ஒருமுறை உறங்கிவிடுவதே இழப்பு என்பதை நாம் எடுத்துரைக்க வேண்டும்.

கரைக்கு அப்பால்

2017 நவம்பர் 29ஆம் நாள் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாளே ஒக்கிப் புயலாக உருப்பெற்றது. கன்னியாகுமரி, கேரளக் கரைகளிலிருந்து பல நாள் தங்கலுக்காக ஆழ்கடல் சென்றிருந்த மீனவர்கள் அதனை அறியவில்லை. அவர்களுடைய படகு வானொலி சில பத்துக் கிலோமீட்டருக்கு மேல் எட்டாது. எச்சரிக்கை கரையில் முழங்கியது. கேட்க வேண்டிய செவிகளோ கடலில் இருந்தன. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தம்மவரை இழந்தன. அவர்களைப் பொறுத்தவரை அன்று ஏறியிருந்தது பதினோராம் எண் கூண்டே. அதன்பின் செயற்கைக்கோளிலிருந்து நேரே படகுக்கு எச்சரிக்கை வழங்கும் கருவிகள் உருவாக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு படகிலும் அவை இடம்பெறுதல் இன்றியமையாதது.

பழகிய குரல்

புதுச்சேரியை அடுத்த நல்லவாடு கிராமத்தில் நிகழ்ந்ததை ஈண்டு நினைவுகூர்வோம். 2004 டிசம்பர் 26 அன்று வந்தது புயலன்று, ஆழிப்பேரலை. சிங்கப்பூரிலிருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரித்தார். ஊர் அறிவு மையத்தின் ஒலிபெருக்கி உடனே முழங்கியது. மக்கள் ஓடினர்; மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் பிழைத்தனர். மற்ற நாள்களில் அலையின் உயரம் முதலிய அன்றாடச் செய்திகளைச் சொல்லிவந்தது அதே ஒலிபெருக்கிதான். நாள்தோறும் மெய் பேசிய குரலாதலால், ஆபத்து நாளிலும் மக்கள் அதனை நம்பினர். பாம்பனில் மீனவர்களுக்கென 2016இல் தொடங்கப்பட்ட ‘கடல் ஓசை’ சமூக வானொலியின் பயனும் இத்தகையதே.

36,000 கிலோமீட்டரை அறிவியல் கடந்துவிட்டது. எஞ்சியிருப்பது தெருமுனையிலிருந்து குடிசை வாயில்வரை உள்ள சிறு தொலைவு. அதனைக் கடக்க வேண்டியவை மனிதக் கால்களே. கடலோர ஊர்களிலிருந்து கல்வி கற்க வந்துள்ள மாணவர்கள் வானிலை அறிக்கையைப் புரிந்து, தம் ஊர் மொழியில் எடுத்துரைக்கப் பழகுதல் வேண்டும். தனித்து வாழும் முதியோர், நடக்க இயலாதோர் யார் யார் எனப் பட்டியலிட்டு வைத்தல் வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் தம் சொல்லின் மதிப்பை இப்பணிக்கு ஈதல் வேண்டும். அவ்வாறு செய்வோமாயின், துறைமுகத்தில் எந்த எண் ஏறினாலும், நம் ஊரில் எவர் வீட்டு வாயிலிலும் பதினோராம் எண் கூண்டு ஏறாது.