டபிள்யூ ஃபார் டக்!

ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தி ஸ்டாண்ட் போடுவேன். அந்தச் சத்தம் கேட்டதுமே உள்ளேயிருந்து ஒரு குரல் வரும் - “பாட்டி, வயிறு வலிக்குது!”

அப்போது என் மகளுக்கு நாலரை வயசு. முதல் ரெண்டு நாள் நம்பினேன். ஓமத் தண்ணீர்கூட கொடுத்துப் பார்த்தாச்சு. மூணாவது நாள்தான் எனக்கு உறைத்தது... அந்த வயிற்றுவலியின் பெயர் ‘அப்பா’!

விஷயம் இதுதான். ஸ்கூல் டைரியில் ஒரு நாள், ‘எழுத்துகளில் பின்தங்கியிருக்கிறாள். வீட்டில் கவனிக்கவும்’ என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். விடுவேனா? ஆபீஸில் எனக்கு வேலையே மற்றவர்கள் எழுதும் டிராஃப்டில் தப்புக் கண்டுபிடிப்பதுதான். அதே சிவப்புப் பேனாவோடு தினமும் சாயந்திரம் ஏழு மணிக்கு மகள் எதிரே உட்கார்ந்துவிட்டேன்.

“ஸீ... ஏ... டீ... சேர்த்துச் சொல்லு, என்ன வார்த்தை?”

குழந்தை ரொம்ப யோசித்து, “ஸீயேட்டீ” என்றது.

“கேட்! பூனை! எத்தனை தடவை சொல்றது?”

(இப்போது யோசித்தால் அவள் சொன்னதுதான் சரி. ஸீயையும் ஏயையும் டீயையும் சேர்த்தால் ஸீயேட்டீதானே வரும்? பூனை எங்கிருந்து வரும்!)

அடுத்த நாள் வாத்துப் படம். ‘டக்’குக்கு முதல் எழுத்து போடச் சொன்னேன். ‘டபிள்யூ’ போட்டாள். தண்ணீர் டம்ளரைக் காட்டி ‘வாட்டர்’ என்றேன். ‘ஒய்’ போட்டாள். நான் கத்தின கத்தலில் பென்சிலைக் கீழே போட்டுவிட்டு அழ ஆரம்பித்தவள்தான்... மறுநாளிலிருந்து வயிற்றுவலி.

ராத்திரி என் அம்மா மெதுவாகக் கேட்டாள். “ஏண்டா, தப்பு தப்புன்னு குதிச்சியே... ஏன் அப்படி எழுதினேன்னு அவளை ஒரு வார்த்தை கேட்டியா?”

கேட்கவில்லை. அம்மா எட்டாம் கிளாஸோடு படிப்பை நிறுத்தியவள். எனக்கு எம்.காம். கேட்கத் தோணினது அவளுக்குத்தான்.

மறுநாள் பேனாவை உள்ளே வைத்துவிட்டுக் கேட்டேன். குழந்தை பயந்துகொண்டே சொன்னது: “டபிள்யூ... டக்... ரெண்டும் ‘ட்’தானேப்பா? வொய்... வாட்டர்... ரெண்டும் ‘வ்’தானே?”

தூக்கிவாரிப் போட்டது. பின்தங்கிய குழந்தையா இது? காதைத் தீட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தின் பெயரையும் கேட்டு, முதல் சத்தத்தைப் பிடித்து, நியாயமாக ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. குளறுபடி அவளிடம் இல்லை, இங்கிலீஷிடம்!

ஆமாம் ஸார், எழுத்தின் பெயர் வேறு, சத்தம் வேறு. ஒரு மேனேஜருக்குப் பெயர் சாந்தமூர்த்தி என்று இருக்கலாம். சத்தமும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியுமா? இங்கிலீஷில் எழுத்து 26. சத்தங்களோ சுமார் 44. இதில் பெயரை மட்டும் உருப்போட வைத்துவிட்டு, ‘படி’ என்றால் குழந்தை எப்படிப் படிக்கும்?

அன்றோடு பெயர்களை ஓரங்கட்டினோம். ஸீ இல்லை, ‘க்’. டீ இல்லை, ‘ட்’. இதிலும் ஒரு வம்பு உண்டு. நாம் சொல்லிக் கொடுக்கும்போது ‘க’, ‘ட’ என்று வாலை நீட்டிவிடுகிறோம். அப்படிச் சேர்த்தால் ‘கஏட’ வருமே தவிர ‘கேட்’ வராது. வாலை நறுக்கி ‘க்’ என்று நிறுத்த வேண்டும்.

இந்த இடத்தில் தமிழனுக்கு ஒரு லாட்டரி அடித்திருக்கிறது. வாலில்லாத சத்தத்துக்கு நம்மிடம் தனி எழுத்தே இருக்கிறதே! தலையில் புள்ளி வைத்தால் தீர்ந்தது. மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. எந்தச் சத்தம் வாயில் எங்கே பிறக்கிறது என்பதற்குப் ‘பிறப்பியல்’ என்று ஒரு பகுதியே அதில் இருக்கிறது. நாங்கள் அதைக் கண்ணாடி முன்னால் நின்று விளையாடினோம். ‘ப்’, ‘ம்’ சொன்னால் உதடு ஒட்டும். ‘த்’ சொன்னால் நாக்கு பல்லைத் தொடும். ‘ழ்’ சொன்னால்... அப்பா முகம் அஷ்டகோணலாகும்! மகள் ரொம்ப நாளுக்கப்புறம் சிரித்தாள்.

அம்மா தன் பங்குக்கு அடுக்களையில் ஒரு கிளாஸ் தொடங்கிவிட்டாள். காய் நறுக்கிக்கொண்டே, “க்... க்...ல ஆரம்பிக்கிற காய் சொல்லு கண்ணு!” கத்தரிக்காய், கேரட், கோஸ், கொத்தவரங்காய் என்று வரிசையாக வரும். பேப்பரும் கிடையாது, பென்சிலும் கிடையாது. முதலில் காது தயாராக வேண்டும், எழுத்து அப்புறம் என்பது அம்மாவின் கட்சி.

247 எழுத்தையும் வரிசையாக மனப்பாடம் செய்யும் வேலையும் வேண்டாம் என்று விட்டோம். 12 உயிர், 18 மெய், ஒரு ஆய்தம். பாக்கி 216ம் உயிரும் மெய்யும் சேர்ந்து உண்டாவதுதானே! ட, ப, ம - இந்த மூன்றும், கூடவே புள்ளியும் தெரிந்தால் போதும். படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் படித்துவிடலாம். அட்டையில் எழுதிக் கலைத்துப் போட்டோம். ஒரு நாள் ‘டபம்’ என்று விழுந்தது. “டபம்னா என்னப்பா?” “தெரியலையே!” அவ்வளவுதான், மப்படம், டம்மபம் என்று அர்த்தமில்லாத வார்த்தைகளாக அடுக்கி, விழுந்து விழுந்து சிரித்தாள்.

இது விளையாட்டு மட்டும் இல்லை. இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 40 சொற்களைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார்கள். அதில் பாதி அர்த்தமே இல்லாத சொற்கள்! பழகின வார்த்தையைக் குழந்தை ஞாபகத்திலிருந்து ஒப்பித்துவிடலாம். ‘டபம்’ படிக்க எழுத்தின் சத்தம் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழிலும் பள்ளம் மேடு உண்டு, மறைக்க மாட்டேன். ‘கொ’ என்றால் முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவில் ‘க’. இடமிருந்து வலமாகப் படிக்கப் பழகின குழந்தை திகைத்து நிற்கும். “பல்லக்கு தூக்கறவங்க ரெண்டு பேர், நடுவுல ராஜா. ராஜா பேரைத்தான் முதல்ல சொல்லணும்” என்றேன். சரியாகிவிட்டது. ‘பம்பரம்’ இன்னொரு வேடிக்கை. முதல் ‘ப’ அழுத்தமாக, ‘ம்’முக்குப் பின்னால் வரும் ‘ப’ மிருதுவாக. “பக்கத்துல ‘ம்’ இருக்கில்ல, அதான் அடக்கமா இருக்கு” என்று காரணமும் அவளே சொன்னாள். கல்யாணமான ஆண்களைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை என்று என் மனைவியின் அபிப்பிராயம்!

தினம் பத்தே நிமிஷம். ‘இன்னும் ஒண்ணுப்பா’ என்று அவள் கேட்கும்போதே மூட்டை கட்டிவிடுவோம். பக்கத்து வீட்டுப் பையன் பேச்சை எடுப்பதில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். எத்தனை விளையாடியும் சத்தங்களைப் பிரித்துச் சொல்லத் திணறினால், திட்டாமல் ஒரு டாக்டரிடம் காதைக் காட்டிவிடுவது நல்லது.

ஏழெட்டு மாசம் ஓடியது. ஒரு நாள் மத்தியானம் ஆபீஸில் டிபன் பாக்ஸைத் திறந்தேன். மூடிக்கு மேலே நாலாக மடித்த ஒரு துண்டுக் காகிதம். கோணல் மாணலாகப் பென்சில் எழுத்து.

‘அபா சீகிரம் வா.’

ஒரு ‘ப்’, ஒரு ‘க்’... இரண்டையும் விழுங்கிவிட்டாள். பழக்க தோஷம், என் கை சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவுக்குப் போனது. மூடியைத் திறந்தேன். அப்படியே மூடி வைத்துவிட்டேன். புள்ளி வைக்க இன்னும் நாள் இருக்கிறது.

அன்றைக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டுக் கிளம்பினேன். வாசலில் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்ட் போட்டதும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

“பாட்டி, அப்பா படிச்சுட்டாரு!”