ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த ஜாக்கி? 'டன்' பார்த்து ஏமாறாதீங்க... 'மில்லி மீட்டர்' பாருங்க!

பூந்தமல்லி:

கார் பஞ்சர். ஜாக்கி கையில் இருக்கிறது. வீல் ஸ்பேனரும் ரெடி. ஆனால் ஜாக்கி மட்டும் காருக்கு அடியில் போகவே மாட்டேன் என்கிறது!

தரையோடு தரையாக நிற்கும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நூம்பல், வேலப்பன்சாவடி பக்கம் உள்ள சின்ன ஒர்க் ஷாப்பில் வந்து நின்றால் இதுதான் நிலைமை. ஸ்பிரிங்கை மாற்றி உயரத்தை குறைத்த பழைய கார்களுக்கும் இதே தலைவலிதான். அவசரத்தில் ஜாக்கியை முட்டி மோதி தள்ளினால் பம்பர் உடையும். கண்ட இடத்தில் வைத்து தூக்கினால் அடித்தகடு நசுங்கும். கார் வழுக்கி விழுந்தால் உயிருக்கே ஆபத்து.

ஏன் இவ்வளவு தாழ்வு?

காரின் எடை தரைக்கு பக்கத்தில் இருந்தால் வளைவில் வேகமாக திரும்பும்போது சாயாது. அடியில் புகும் காற்றும் குறையும். அதனால்தான் பந்தய கார்கள் தரையை ஒட்டி ஓடுகின்றன.

இதை நேரில் பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. பூந்தமல்லி தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டை. அங்கு 1990-ல் திறக்கப்பட்ட பந்தய ஓடுதளத்தின் நீளம் சுமார் 3.7 கி.மீ. அதற்கு முன்பு சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்தன.

பந்தய கார்களை எப்படி தூக்குகிறார்கள்? நடிகர் அஜித்குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர பந்தயத்தில் தன் பிரிவில் 3-வது இடம் பிடித்தது. அந்த போர்ஷே பந்தய காரில் ஏர் ஜாக் உள்ளேயே பொருத்தப்பட்டிருக்கும். காற்று குழாயை சொருகினால் போதும். அடியில் இருந்து கால்கள் நீண்டு காரையே தூக்கிவிடும்.

ரோட்டில் ஓடும் காரில் அந்த வசதி கிடையாது. நம்ம ஒர்க் ஷாப்புக்கு டிராலி ஜாக்கிதான் கதி. அதை பார்த்து வாங்க வேண்டும்.

முதலில் உயரம்

கடைக்கு போனதும் பலரும் கேட்பது 'எத்தனை டன்?' என்றுதான். தாழ்வான காருக்கு கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'முழுசா இறக்கினால் எவ்வளவு உயரம்?' என்பதே.

சாதாரண டிராலி ஜாக்கியை முழுவதும் இறக்கினாலும் அதன் தலை தரையில் இருந்து 130 முதல் 140 மி.மீ. உயரத்தில் நிற்கும். வழக்கமான குடும்ப கார்கள் 160, 170 மி.மீ. உயரத்தில் இருப்பதால் பிரச்சினை இல்லை. ஸ்போர்ட்ஸ் கார் 100, 120 மி.மீ. என்று நிற்கும்போது தலை இடிக்கும். 'லோ புரொபைல்' எனப்படும் தாழ்வான ஜாக்கியின் தலை 75 முதல் 100 மி.மீ. வரைதான் இருக்கும்.

பஞ்சரானால் கணக்கே மாறும்

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். காற்று நிறைந்த டயரில் அளந்து ஜாக்கி வாங்குகிறார்கள். பஞ்சரானதும் கார் இன்னும் கீழே உட்கார்ந்துவிடும்.

உதாரணத்துக்கு 245/35 என்று எழுதியிருக்கும் டயரை எடுத்துக்கொள்வோம். 245 என்பது டயரின் அகலம். அதில் 35 சதவீதம்தான் பக்கச்சுவரின் உயரம். அதாவது சுமார் 86 மி.மீ. காற்று முழுக்க போனால் ரிம் கிட்டத்தட்ட தரைக்கே வந்துவிடும். அந்த மூலையில் 75 மி.மீ. ஜாக்கிகூட நுழையாமல் போகலாம்.

இதற்கு வழி உண்டு. மெதுவாக கசியும் பஞ்சர் என்றால் முதலில் பம்பு வைத்து காற்று அடிக்க வேண்டும். கார் கொஞ்சம் எழும்பும். அந்த நேரத்தில் ஜாக்கியை உள்ளே தள்ளிவிடலாம். இல்லாவிட்டால் ஒன்றரை அங்குல கனமுள்ள அகலமான பலகையை டயருக்கு முன்னால் போட்டு, காரை மெல்ல அதன்மேல் ஏற்றினால் 38 மி.மீ. கிடைக்கும்.

தலை போனால் போதுமா?

போதாது, உடம்பும் போக வேண்டும். சில ஜாக்கிகளில் தலை தாழ்வாகவும் பின்பகுதி உயரமாகவும் இருக்கும். ஜாக்கி வைக்கும் இடம் காரின் முன்பக்கம் ரொம்ப உள்ளே தள்ளி இருந்தால் பின்பகுதி பம்பரில் இடிக்கும். கைப்பிடியை மேலும் கீழும் ஆட்டவும் இடம் வேண்டும்.

எவ்வளவு உயரம் தூக்கும் என்பதையும் கேட்க வேண்டும். தாழ்வாக இறங்கும் ஜாக்கி, ஸ்டாண்ட் வைக்கும் அளவுக்கு தூக்கவில்லை என்றால் வாங்கியும் பிரயோஜனம் இல்லை.

எடையை பொறுத்தவரை, 1,600 கிலோ காரின் முன்பக்கத்தை மட்டும் தூக்கும்போது ஜாக்கி மீது வருவது ஏறக்குறைய பாதி எடைதான். 2 டன் ஜாக்கி தாராளம். பெரிய வண்டிகளும் வரும் ஒர்க் ஷாப் என்றால் 3 டன் வாங்குவது நல்லது. அலுமினிய ஜாக்கி தூக்க லேசு, விலை அதிகம். ஒரே இடத்தில் வைத்து வேலை பார்ப்பவருக்கு இரும்பே போதும்.

ஜாக்கி தலையில் ரப்பர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வெறும் இரும்பு பட்டால் காரின் விளிம்பு நசுங்கும். எந்த இடத்தில் வைத்து தூக்க வேண்டும் என்பது காருடன் வரும் கையேட்டில் படத்துடன் இருக்கும்.

தூக்கும்போது கவனம்

டிராலி ஜாக்கி நேராக மேலே போகாது, வளைந்து எழும்பும். அப்போது அதன் சக்கரம் லேசாக உருள வேண்டும். மழையில் ஊறிய மண் தரையில் சக்கரம் புதைந்தால் தலை வழுக்கி கார் சரியும். சமமான சிமெண்ட் தரைதான் பாதுகாப்பு.

ஹேண்ட் பிரேக் போட்டாச்சே என்று அலட்சியம் கூடாது. பெரும்பாலான கார்களில் அது பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின்பக்கம் தூக்கினால் அந்த பிடி போய்விடும். முன்சக்கரத்துக்கு இரு பக்கமும் கட்டை வைத்தே ஆக வேண்டும்.

ஜாக்கி ஆயில் குறைந்தால் பிரேக் ஆயில் ஊற்றுவது பெரிய தப்பு. உள்ளே இருக்கும் ரப்பர் சீல் கெட்டு, தூக்கிய கார் தானாக இறங்க ஆரம்பிக்கும்.

உயிர் முக்கியம்

ஜாக்கி எவ்வளவு விலை உயர்ந்தது என்றாலும் காரை தாங்கி நிற்பது ஆயிலும் சின்ன சீலும்தான். அதை நம்பி காருக்கு அடியில் படுக்கவே கூடாது. தூக்கியதும் ஸ்டாண்ட் வைக்க வேண்டும். கழற்றிய சக்கரத்தையும் அடியில் படுக்க வைத்தால் கூடுதல் காவல்.

மற்ற காரைவிட ஸ்போர்ட்ஸ் காரில் இது இன்னும் முக்கியம். அது இறங்கி உட்கார்ந்தால் தரைக்கும் காருக்கும் நடுவே மிஞ்சுவது நாலு அங்குலம். எந்த மனிதனின் நெஞ்சும் அதற்குள் அடங்காது.

ஜாக்கி தூக்குவதற்கு. தாங்குவதற்கு ஸ்டாண்ட். ஜாக்கி வாங்கப் போகிறவர் ஒரு ஜோடி ஸ்டாண்டையும் சேர்த்தே வாங்கி வருவது நல்லது.